சங்கு ஊதினால் ஒரு மடக்குத் தண்ணீர்

என் மகள் பேசக் கற்ற முதல் சொற்களில் ஒன்று ‘காது’. கண், மூக்கு, தொப்பை எல்லாம் பின்னால்தான் வந்தன. காது மட்டும் முந்திக்கொண்டதற்குக் காரணம் நான்தான்.

அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் முதன்முறையாக விமானம் ஏற்றினோம். மதுரையிலிருந்து துபாய்க்கு. அங்கே ஏசி பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் அங்கேயும் மனைவி இராஜபாளையத்திலுமாகவே இருந்தோம். மகள் பிறந்ததும் போனில்தான் பார்த்தேன், தவழ்ந்ததும் போனில்தான். ஒரு லீவில் வீட்டுக்கு வந்து அவளை நோக்கிக் கையை நீட்டியபோது, அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த போனை வாங்கி அதற்கு முத்தம் கொடுத்தாள். அப்பா என்பவர் அதற்குள் இருப்பவர் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் போனதும் குடும்ப விசாவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் முழுசாகப் படித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும்; பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆகவே வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் நேராக என் கைக்கு வந்துவிடும். கரண்ட் ஆபீஸ் கடிதமோ மருந்துச் சீட்டோ, ‘படிச்சவன் பாக்கட்டும்’ என்று எனக்காகக் காத்திருக்கும். விமானப் பயணத்துக்கும் அப்படித்தான். பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம், ஊறுகாயை எப்படிக் கட்ட வேண்டும், கைப்பையில் எதை வைக்கக் கூடாது என்று விமானக் கம்பெனியின் விதிகளை இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளையின் காதைப் பற்றி நான் எங்கேயும் தேடவில்லை. தெருவில் யாரோ, “பிளேன்ல போனா காது அடைக்கும்” என்று சொல்ல, அதை அப்பா பிடித்துக்கொண்டார்.

அப்பா ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரிங் பிரேம் என்று சொல்வார்கள், நூல் நூற்கிற எந்திரம். வரிசையாக அது ஓடுகிற கூடத்துக்குள் நின்றால் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. அப்பா காலத்து ஆட்கள் எந்திரத்துக்குக் கீழே கிடக்கும் கழிவுப் பஞ்சில் ஒரு சிட்டிகை கிள்ளி, விரலுக்கு நடுவில் உருட்டி, இரண்டு காதிலும் வைத்துக்கொள்வார்கள். அப்படியும் அப்பாவின் இடது காது போய்விட்டது. வலது காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னால் கேட்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் ஒரு பஞ்சு உருண்டை கிடக்கும். காதுக்கு வருகிற எல்லா வில்லங்கத்துக்கும் அவரிடம் அது ஒன்றுதான் மருந்து.

“காது அடைக்கின்னா என்னலே? சத்தம்தான? ரிங் பிரேம்ல நின்னவனுக்குத் தெரியாதா?” என்றார். “நல்ல பஞ்சா இறுக்கி வச்சு மேல ஒரு குல்லாயைப் போட்டுரு. எம்புட்டுச் சத்தம் வந்தாலும் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது.”

அம்மா வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரு சுருள் வந்தது. வெள்ளை வெளேரென்று மேகம் மாதிரி இருந்தது. அப்பாவே உட்கார்ந்து சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி ஒரு டப்பாவில் அடுக்கினார். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றையும் நானே முடிவுசெய்கிற வீட்டில் இந்த ஒரு விஷயமாவது அப்பாவுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று தோன்றியது. அவர் உருட்டுவதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

விமானம் ஏறும்போது மகள் கொஞ்சம் சிணுங்கினாள். இறங்கும்போதுதான் அலறினாள். அப்படி ஒரு அழுகையை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. “பஞ்சு பத்தலையோ? இன்னும் கொஞ்சம் வைங்க” என்றாள் மனைவி. நான் இன்னும் கொஞ்சம் வைத்தேன். மகள் குல்லாயைப் பிடுங்கினாள். நாங்கள் மறுபடி மாட்டினோம். காதிலிருந்த பஞ்சை எடுக்கப் பார்த்தாள். ஆளுக்கொரு கையாக அவளுடைய கைகளைப் பிடித்து மடியோடு அமுக்கிக்கொண்டோம். முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். சக்கரம் தரையில் படும்வரை நாங்கள் அந்தக் கையை விடவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தச் சின்ன மணிக்கட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பிறகு மூன்று நாள் காதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஒரு டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கெடுதல் இல்லை என்று வலி மருந்து எழுதிக் கொடுத்தார். ஏன் வலி வந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. சத்தத்தால்தான் என்று எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

அங்கே எட்டு மாதம் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். ஆனாலும் சாயங்காலம் நான் சாவியைப் பூட்டில் நுழைத்ததும் உள்ளே திடுதிடுவென்று ஓடி வருகிற சத்தம் கேட்கும். கதவைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்றே சில நாள் சாவியை மெதுவாகத் திருப்புவேன்.

லீவு வந்தது. ஊருக்குக் கிளம்பினோம். விமானத்தின் கதவைக் கண்டதும் மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, “காது, காது” என்று கத்த ஆரம்பித்தாள். பஞ்சு டப்பாவைத் திறந்ததும் இன்னும் கத்தினாள். அழுது அழுது தூங்கிப்போனவள், மதுரைக்கு இறங்குகிற நேரத்தில் யாரோ கிள்ளினது போல வீறிட்டு எழுந்தாள். அதன் பிறகு தரைக்கு வரும்வரை நிறுத்தவே இல்லை.

காரில் இராஜபாளையம் வரும் வழியில், திருமங்கலம் தாண்டியதும், மனைவி பேச்சை எடுத்தாள்.

“நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. லீவு முடிஞ்சதும் நீங்க மட்டும் போங்க. இவளுக்கு அஞ்சு வயசு ஆவட்டும், பொறவு பாப்போம்.”

“அஞ்சு வயசா?”

“பின்ன? இவ கையை அமுக்கி வச்சுக்கிட்டு இவ அழுறதை இன்னொரு மட்டம் நான் பாக்க மாட்டேன். உங்களால ஏலும்னா சொல்லுங்க.”

எனக்கும் ஏலாது. மூன்று பேருக்கும் திரும்பிப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். லீவு முப்பத்தைந்து நாள். அதற்குள் இதற்கு ஒரு வழி தெரியாவிட்டால் ஒரு டிக்கெட்டில் மட்டும் ஆள் போகும். நான் மறுபடியும் போனுக்குள் போய்விடுவேன்.

ஊருக்கு வந்த மறுநாளே மகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மனைவிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மகள் பிறந்ததிலிருந்து தடுப்பூசி போட்டது அங்கே இருக்கும் குழந்தை டாக்டர் ஒருவர்தான். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

டாக்டர் மகளின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார்; மூக்கையும் காதையும் பார்த்தார். சளி சாதாரணமானதுதான் என்றார். நான் விமானக் கதையை ஆரம்பித்தேன். முதல் பயணம், இரண்டாம் பயணம், எந்த நேரத்தில் அழுதாள், எவ்வளவு நேரம் அழுதாள் என்று ஆபீசில் ரிப்போர்ட் கொடுப்பது போல ஒழுங்காகச் சொன்னேன். பஞ்சு என்ற இடம் வந்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்க வீட்டுல யாரு மில்லுல வேலை பாக்காங்க?”

அப்பா என் பக்கம் சாய்ந்தார். “டாக்டரம்மா என்ன சொல்லுதாவ?”

“மில்லுல யாருன்னு கேக்காங்க!” என்று அவருடைய வலது காதுக்குள் கத்தினேன்.

“நாந்தான் டாக்டரம்மா! ரிங் பிரேமு!” என்றார் அப்பா. வெளியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தது கேட்டது.

டாக்டரும் சிரித்துவிட்டார். “நெனச்சேன். இங்க மட்டுந்தான் பஞ்சு வச்சுக் கூட்டிட்டு வருவாங்க” என்றவர், பிறகு பொறுமையாகச் சொன்னார். “சத்தத்துக்கும் இந்த வலிக்கும் சம்பந்தமே இல்ல. பிளேன் கீழ இறங்க இறங்க வெளியில இருக்க காத்து காதுச் சவ்வை உள்ளாற தள்ளும். உள்பக்கம் காத்துப் போயி அதைச் சரிக்கட்டணும். அதுக்குத் தொண்டையில இருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. நம்ம கொட்டாவி விட்டாலே அது திறந்துக்கும். சின்னப் பிள்ளைக்கு அந்தக் குழாய் ரொம்பச் சின்னது. எதையாவது முழுங்கும்போதுதான் திறக்கும். நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? உள்வாசல் அடைச்சுக் கெடக்கும்போது வெளிவாசல்ல பஞ்சை வச்சுக்கிட்டு நின்னுருக்கீங்க.”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏசி எந்திரத்தில் எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அதை வைத்துக்கொண்டு என் மகள் காதில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.

“அப்போ என்னதான் செய்யணும் டாக்டர்?” என்று மனைவி கேட்டாள்.

“மேல ஏறும்போதும் கீழ இறங்கும்போதும், முக்கியமா இறங்கும்போது, கொஞ்சம் கொஞ்சமா எதாவது முழுங்க வைக்கணும். கைக்குழந்தைன்னா பால் குடுத்தாப் போதும். இவ பெரிய மனுஷி, தண்ணி குடுங்க. நேரா உக்கார வச்சுக் குடுங்க. ஒரேயடியாக் குடுக்காம, ஒரு மடக்கு, செத்த நேரம் விட்டு இன்னொரு மடக்கு. மிட்டாய் வேண்டாம், இந்த வயசுல தொண்டையில சிக்கிரும். இறங்குற நேரத்துல தூங்கவும் விடாதீங்க. தூங்குற பிள்ளை அடிக்கடி முழுங்காது. போறதுக்கு முந்தி வந்து ஒரு தடவை காட்டுங்க. சளி இருந்தா நாளைத் தள்ளி வச்சிருங்க.”

“பால்கோவா குடுக்கலாமா?” என்றாள் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி வேறு என்ன கேட்பாள்?

“கடுகளவு கடுகளவாக் குடுங்க. அதைத் தின்னா தண்ணி தானாக் கேப்பா.”

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் பாதி நிம்மதி. மனைவிக்கு அதுவும் இல்லை. “சொல்லுறது லேசு. இவகிட்ட குடின்னு சொன்னா வாயைத் திறப்பாளா? பாட்டிலையும் மறக்கடிச்சாச்சு. காது வலிக்கும்போது டம்ளரை நீட்டினா தட்டி விட்டுருவா” என்றாள். அது உண்மை. மகளுக்கு எதையும் ‘செய்’ என்று சொன்னால் உதடு பூட்டிக்கொள்ளும்.

அப்பா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, “அப்போ நான் வச்ச பஞ்சுதான் தப்பு, என்னலே?” என்றார்.

“அப்படியெல்லாம் இல்லப்பா” என்றேன்.

“என்ன?”

“அப்படி இல்லப்பா!” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியதாயிற்று. பொய்யை மெதுவாகச் சொல்லிவிடலாம். கத்திச் சொல்வது ரொம்பக் கஷ்டம். அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற மில்லில் இன்னும் சங்கு ஊதுகிறார்கள். சங்கு என்றால் ஷிப்டு மாறுவதற்கு அடிக்கிற சைரன்தான்; ஊரில் எல்லாரும் சங்கு என்றுதான் சொல்வோம். கடிகாரம் இருந்தாலும் அடுப்பில் உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவதும் அதைக் கேட்டுத்தான். அப்பாவுக்கும் அது கேட்கும். காதால் கேட்கிறாரா உடம்பால் கேட்கிறாரா என்று தெரியாது. சங்கு ஊதியதும் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். எந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பழக்கம், வேலை போயும் போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த இரண்டாம் நாள், அப்பா கடைத்தெருவுக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அதை மகளிடம் கொடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சங்கு ஊதியது. அப்பா துள்ளி எழுந்து, “சங்கு ஊதிருச்சு! ஷிப்டு மாறுது! ஓடு ஓடு!” என்று சொல்லிவிட்டு, செம்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்து, “ஹா” என்றார். மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். அடுத்த நாள் சங்குக்கு அந்தக் குட்டி டம்ளரை அவளே எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் தெரிந்தது. மில் சங்கு ஒரு நாளைக்குச் சில தடவைதான் ஊதும் என்பதால், இடையில் அப்பா தானே கையைக் குவித்து வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து ‘ஊ’ என்று ஊத ஆரம்பித்தார். முதலில் தணிவாகத் தொடங்கி, மேலே ஏறி, ஒரே சீராக நின்று, பிறகு கீழே இறங்கும். அசல் சங்கேதான். தெருவில் ஒரு ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நானே கண்டேன். ஒரு ஊதலுக்கு ஒரு மடக்குதான். மகள் ஆசைப்பட்டு டம்ளரைக் காலிபண்ணப் போனால், “ஏட்டி! மொத்தமாக் குடிச்சா ஷிப்டு முடிஞ்சு போகும். ஒரு மடக்கு. அடுத்த சங்குக்குக் காத்திருக்கணும்” என்பார். அவளும் டம்ளரைக் கையில் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள்.

மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். ஒருநாள் காலையில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “மாமா என்ன பண்ணுதாங்கன்னு பாத்தீங்களா?” என்றாள்.

“விளையாடுதாரு.”

“விளையாட்டா? டாக்டர் சொன்னதை அப்படியே பழக்கி வச்சிருக்காங்க. நேரா உக்கார வச்சு, ஒரு மடக்கு, இடைவெளி விட்டு இன்னொரு மடக்கு. ரெண்டு வாரமா நடக்கு. நீங்க படிச்சவருதான?”

நான் எட்டிப் பார்த்தேன். அப்பா சுவரில் சாய்ந்து ஊதிக்கொண்டிருந்தார். எதிரில் மகள் சம்மணம் போட்டு டம்ளரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அறையில் அப்பாவுக்குப் பாதிதான் கேட்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கேட்க வேண்டியது கேட்டிருக்கிறது.

அன்றைக்குத்தான் மனைவி ஒத்துக்கொண்டாள். “சரி, இந்த ஒரு தடவை வாரேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு மாதிரி இவ அழுதான்னா, போய் இறங்கின ஒரு வாரத்துல நானும் இவளும் திரும்பிருவோம். பொறவு அஞ்சு வயசு வரைக்கும் என்கிட்ட பேச்சே எடுக்கக் கூடாது.” நான் சரி என்றேன்.

அடுத்த கவலை, விமானத்தில் யார் ஊதுவது என்பது. நான் ஊதிப் பார்த்தேன். நாய் ஊளையிடுவது போல வந்தது. “தொண்டையில இருந்து ஊதாதலே, வயித்துல இருந்து ஊது” என்றார் அப்பா. மறுபடி ஊதினேன். “இம்புட்டுப் படிச்சு ஒரு சங்கு ஊத வரலையே உனக்கு!” என்று சிரித்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். அப்பாவின் சங்கைப் போனில் பதிவுசெய்து வைத்துக்கொண்டேன். அதைக் கேட்டு அவருக்கே பெருமை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் டாக்டரிடம் காட்டினோம். சளி இல்லை, காது சுத்தமாக இருக்கிறது என்றார். கிளம்புகிற அன்று அப்பா எங்கள் கைப்பையைத் திறந்து ஒரு பஞ்சுச் சுருளை உள்ளே வைத்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “காதுக்கு இல்லப்பா. தண்ணி சிந்தும்லா, தொடைக்கதுக்கு” என்றார்.

பகல் நேரத்து விமானம். குட்டி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்ததால் மகள் விமானத்தின் கதவைப் பார்த்தும் காதைப் பொத்தவில்லை. ஒரு கை டம்ளரில் இருந்தது. மற்றொரு கையால் மட்டும் ஒரு காதைத் தொட்டுக்கொண்டாள். விமானம் மேலே ஏறும்போது மனைவி பால்கோவாவைக் கடுகளவு கிள்ளிக் கிள்ளி ஊட்டினாள். மகள் தின்றாள், தண்ணீர் கேட்டாள், குடித்தாள். ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த கண்மாய்களைக் காட்டி “தண்ணி” என்றாள். சீக்கிரமே தூங்கிவிட்டாள். ஏறியது இவ்வளவு லேசாக முடிந்ததில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே பயந்தோம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. விமானம் இறங்கப் போவதாக அறிவித்தார்கள். மகள் மனைவியின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“எழுப்பணுமா?” என்றாள் மனைவி. “அசந்து தூங்குறா. ஒருவேளை தூக்கத்துலேயே இறங்கிருவோமோ?”

எனக்கும் அந்த ஆசை வந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப எந்த அப்பனுக்கும் மனசு வராது. ஆனால் மதுரையில் வீறிட்டு எழுந்தது ஞாபகம் வந்தது. “டாக்டர் சொன்னாங்கல்ல. எழுப்பு” என்றேன்.

எழுப்பினோம். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு முழு அழுகை. முகத்தைத் திருப்பினாள், காலை உதைத்தாள். டம்ளரை நீட்டினால் தட்டிவிட்டாள். பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. பால்கோவாவைக் கண்டதும் உதட்டைப் பூட்டிக்கொண்டாள். அப்புறம் நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது நடந்தது. அவளுடைய கை மெதுவாகக் காதுக்குப் போனது. “காது” என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

போனை எடுத்து அப்பாவின் சங்கைப் போட்டேன். எந்திர இரைச்சலில் அது கொசு சத்தம் மாதிரி வந்தது. மகள் அழுகையை நிறுத்திப் போனைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “தாத்தா எங்க?” என்றாள். தாத்தா அதற்குள் இல்லை என்றதும் அழுகை இரண்டு மடங்கானது. போனுக்காக அவள் குடிக்கப் போவதில்லை. இனி போனைக் காட்டி அவளை ஏமாற்ற முடியாது.

நான் யார் முன்னாலும் சத்தம் போட்டுப் பழகாதவன். கல்லூரியில்கூட எழுந்து கேள்வி கேட்டதில்லை. ஆனால் வேறு வழி இல்லை. கையைக் குவித்து வாயில் வைத்து ஊதினேன். சின்னதாகத்தான் வந்தது. மகள் காதில் விழவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து, அப்பா சொன்ன மாதிரி இன்னொரு தடவை ஊதினேன். தணிவாகத் தொடங்கி, மேலே ஏறி, நின்று, இறங்கியது. முன்னால் நாலு தலை திரும்பியது.

மகள் அழுகையை நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “சங்கு” என்றாள்.

“சங்கு ஊதிருச்சு! ஷிப்டு மாறுது!” என்றாள் மனைவி, டம்ளரில் அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு. மகள் அதைத் தானே வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மடக்குக் குடித்து, “ஹா” என்றாள். பிறகு டம்ளரைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்தாள். அடுத்த சங்குக்குக் காத்திருக்கிறாள்.

ஊதினேன். குடித்தாள். ஊதினேன். குடித்தாள்.

நடைபாதைக்கு அந்தப் பக்கத்துச் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கொஞ்ச நேரமாக என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். “தம்பி, இராஜபாளையமா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“அதான பாத்தேன். ஊதும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் பக்கத்துல தளவாய்புரம். செத்த நேரமா எனக்கும் காது அடைக்கி. இன்னொரு மட்டம் நல்லா ஊதுங்க, நானும் குடிச்சுக்கிடுதேன்” என்று தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார்.

நான் ஊத, அவரும் என் மகளும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். மகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் ஒரு மடக்குக்கு மேல் குடித்தபோது, “மொத்தமாக் குடிக்கக் கூடாது” என்று அதட்டினாள். அவர் பாட்டிலை உடனே கீழே வைத்து, “தப்புத்தான் தாயி” என்றார்.

சத்தத்தைக் கேட்டு ஒரு பணிப்பெண் தன் இருக்கையிலிருந்தே எட்டிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று கையால் கேட்டார். நான் பதில் சொல்ல முடியாது, வாயில் சங்கு. மனைவி சிரித்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல, ஷிப்டு மாறுது” என்றாள். அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

இறங்கி முடிக்கும் வரைக்கும் ஊதினேன். இடையில் ஒரு தடவை மகள் காதைத் தொட்டாள்; நான் உடனே ஊதினேன்; குடித்ததும் கையை எடுத்துவிட்டாள். கழுத்து, சட்டை, மனைவியின் சேலை எல்லாம் நனைந்துவிட்டது. அப்பா வைத்த பஞ்சை எடுத்து மனைவி துடைத்தாள். ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரே ஒற்றலில் அவ்வளவு தண்ணீரையும் குடித்தது. சக்கரம் தரையில் இடித்ததும் மகள் குலுங்கி, பயந்து, பிறகு சிரித்தாள். அவளுடைய இரண்டு கையும் டம்ளரில்தான் இருந்தன.

பெட்டி வருவதற்காக நிற்கும்போது அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், “என்னலே? என்ன ஆச்சு? பிள்ளை எப்படி இருக்கா?” என்றார்.

“காது வலிக்கல!” என்றேன்.

“என்ன? கேக்கல!”

“வலிக்கலப்பா! நல்லா இருக்கா!” என்று அந்தப் பெரிய கூடத்தில் நின்று கத்தினேன். கத்துவதற்கு அன்றைக்கு எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

“ஒண்ணும் கேக்கலயேலே!”

மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, ‘ஊ’ என்று ஊதினாள். தணிவாகத் தொடங்கி, மேலே ஏறி, மூச்சு உள்ளவரை. அந்தப் பக்கம் அப்பா அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. “ஏட்டி, ஒரு செம்பு தண்ணி கொண்டா! சங்கு ஊதிருச்சு!”

மனைவி பெட்டிகளை அடுக்கி முடித்து, தள்ளுவண்டியை வாசல் பக்கமாகத் திருப்பினாள். “வீட்டுச் சாவி உங்ககிட்டதான இருக்கு?” என்று கேட்டாள்.